நீர்மட்டம் சொல்லாதது

கொல்லிமலையின் சார்னகைட் கல்லைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் அதற்குள் தண்ணீர் ஓடும் என்றால் சிரிப்பார். சிரிப்பில் நியாயம் உண்டு. நீர் நிற்பது மேலே உக்கிப்போன அடுக்கில். ஓடுவது கீழே வெடிப்புகளில். இந்த அமைப்பைத்தான் கணினி மாடலில் கட்டம் கட்டமாக வெட்டுகிறோம். கட்டத்துக்குக் கட்டம் நீர் பாயும் விதி 1856இல் ஹென்றி டார்சி வெளியிட்டது: மட்டச் சரிவு கூடினால் ஓட்டமும் அதே அளவில் கூடும். ஆனால் அவர் சோதித்தது மணலில். வெடிப்பிலோ அகலம் 2 மடங்கானால் ஓட்டம் 8 மடங்கு. அருகருகே போட்ட இரண்டு போரில் ஒன்று பொங்கும், இன்னொன்று புழுதி கக்கும் என்பது திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களுக்குப் பழகிய சங்கதி. நாங்கள் கட்டத்தைப் பெரிதாக்கி, வெடிப்புகளைச் சராசரிக்குள் அடக்குகிறோம். ஓர் ஓடைப் படுகையைப் பற்றி அந்த மாடல் பேசலாம். ஒரு தோட்டத்துப் போரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

பெரிய வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. கிணறுகளின் மட்டத்தை மாடல் அப்படியே காட்டிவிட்டால் மாணவர்களுக்குத் தலைகால் புரியாது. மழையில் உள்ளே இறங்கும் நீரை இரட்டிப்பாக்கு, பாறையும் சுனைவாயும் நீரைக் கடத்தும் திறனையும் இரட்டிப்பாக்கு என்பேன். காலத்தோடு மாறாத நிலைக்கான கணக்கில் மட்டம் இம்மியும் நகராது. ஓடும் நீர் மட்டும் இரண்டு மடங்காகியிருக்கும். எது மெய் என்று எத்தனை கிணறு அளந்தாலும் தெரியாது.

தெரிய வேண்டுமானால் ஓட்டத்தையே அளக்க வேண்டும். அதற்குக் கொல்லிமலை தோதான இடம். சமவெளியிலிருந்து தனியே எழுந்து நிற்பதால் வெளி நிலத்தடி நீர் ஏறி வர வழியில்லை. செடிகொடியும் போரும் குடித்தது போக, இறங்கிய மழையில் பெரும்பகுதி சுனையாகவும் ஓடையாகவும் வெளிவந்தாக வேண்டும்.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறை 1980களில் உருவாக்கிய மோட்ஃப்ளோ என்ற நிலத்தடி நீர் மென்பொருளில் சுனை ஒரு வடிகால்: மட்டம் வாய்க்கு மேலிருந்தால் வழியும், இறங்கினால் நின்றுவிடும். எளிய ஏற்பாடு, ஆனால் செங்குத்துச் சரிவில் மெல்லிய அடுக்கின் கட்டங்கள் காய்ந்துபோகும். பழைய பதிப்பு அவற்றை அணைத்தே வைத்துவிடும். 2011இல் நியூட்டன் முறையில் வந்த பதிப்பு அந்தத் தலைவலியைப் பெரிதும் தீர்த்தது.

இன்னொரு கிணற்றுக்கு மட்டமானி வாங்கப் பணம் கேட்டு வருபவரிடம், பங்குனியில் ஒரு வாளியோடு சுனைக்குப் போய், அது நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து வரச் சொல்கிறேன்.