ஹட்சன் நதியோரம் (4): பேர் மவுண்டனுக்கு எந்த வழி?

சென்ற இதழில் ஹட்சனின் கிழக்குக் கரையில், பீக்ஸ்கில் ஊரில் நின்றோம். ஆற்றைக் கடந்து சற்று வடக்கே போனால் பேர் மவுண்டன் மாநிலப் பூங்கா. 1,280 அடிக்குச் சற்று மேலான மலை, அதன் அடிவாரத்தில் ஹெஸியன் ஏரி, ஏரியை ஒட்டி விரிந்த புல்வெளி, மர நிழலில் மேசைகள். மன்ஹாட்டனிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தூரம்தான். நியூயார்க், நியூஜெர்சிக்காரர்கள் கூட்டமாகச் சாப்பாடு கட்டிக்கொண்டு போக இதைவிட வசதியான மலையடிவாரம் அந்தப் பக்கத்தில் அதிகமில்லை. எடிசன் நகரத் தமிழ்க் குடும்பங்கள் சில, ஜூலை மாதச் சனிக்கிழமை ஒன்றில் அங்கே கூடுவதாக ஏற்பாடு. நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

பிக்னிக்குக்கு என்ன சமைப்பது என்பது ஒரே மாலையில் முடிவாகிவிட்டது. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், பிள்ளைகளுக்கு இட்லிப்பொடி தடவிய இட்லி. யார் எந்த வண்டியில், எந்தச் சாலையில் போவது என்ற பேச்சுதான் நாள்கணக்கில் நீண்டது. அது நீண்டதில் நியாயம் இருக்கிறது.

கார்களுக்கு வழி எளிது. கார்டன் ஸ்டேட் பார்க்வேயில் வடக்கே ஏறி, நியூயார்க் எல்லை தாண்டி, பாலிசேட்ஸ் இன்டர்ஸ்டேட் பார்க்வேயைப் பிடித்தால் அது பேர் மவுண்டனில் கொண்டுபோய் விடும். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தருகே தொடங்கும் இந்தச் சாலையின் நீளம் 38 மைல். 1947இல் தொடங்கிய வேலை 1958இல் முடிந்தது. இருபுறமும் காடு, விளம்பரப் பலகை கிடையாது, மேலே கல் முகப்பு வைத்த வளைவுப் பாலங்கள். காரில் போகிறவர்கள் கண்குளிரப் பார்த்துக்கொண்டு போவதற்காகவே போட்ட சாலை. லாரி முதலான வணிக வண்டிகளுக்கு அங்கே இடமில்லை.

அண்டாக்கள், மடக்கு மேசைகள், ஐஸ் பெட்டிகள் ஆகியவற்றுக்காகக் குழுவினர் ஒரு வாடகைச் சரக்கு வண்டி எடுத்திருந்தார்கள். அதை ஓட்ட முன்வந்தவர் ஊருக்குப் புதியவர். ஏற்பாட்டைக் கவனித்த பெண்மணி, அவர் சாவியை வாங்கும்போதே சொல்லிவிட்டார்: “அண்ணா, மேப் எது சொன்னாலும் பார்க்வேல மட்டும் ஏத்திடாதீங்க. பாலம் தாழ்வா இருக்கும். நீங்க 9டபிள்யூ பிடிச்சு ஆத்தோரமாவே வாங்க.”

அவர் சொன்னது அனுபவப் பாடம். நியூயார்க் மாநிலப் பார்க்வேக்களில் வாடகைச் சரக்கு வண்டிகள் பாலத்தில் மோதிக் கூரை பிய்ந்து நிற்பது அடிக்கடி வரும் செய்தி. கைபேசி வரைபடம் வண்டியின் உயரத்தைக் கேட்பதில்லை. காருக்குக் காட்டும் வழியையே எல்லாருக்கும் காட்டுகிறது. 9டபிள்யூ நெடுஞ்சாலையில் நேரம் கூடுதலாக ஆகும். ஆனால் ஹேவர்ஸ்ட்ரா, ஸ்டோனி பாயிண்ட் ஊர்களைத் தாண்டியதும் ஹட்சன் கூடவே வரும். வலப்பக்கம் சதுப்பு நிலத்துக்கு அப்பால் அயோனா தீவு தெரியும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரத்துக் கூட்டம் கப்பலேறி வந்து பொழுதுபோக்கிய தீவு அது. 1900இல் கடற்படை வாங்கி வெடிமருந்துக் கிடங்காக்கிவிட்டது.

பேர் மவுண்டனே ஒரு சிறைச்சாலையாகியிருக்க வேண்டிய இடம். ஆசினிங் ஊரிலுள்ள சிங் சிங் சிறையை இங்கே மாற்ற மாநில அரசு 1908 வாக்கில் முடிவு செய்து, கைதிகளைக் கொண்டு வேலையையும் தொடங்கியது. எதிர்ப்பு கிளம்பியது. ரயில் தொழிலதிபர் எட்வர்ட் ஹாரிமன் 1909இல் இறந்தபின், அவர் மனைவி மேரி ஹாரிமன் 10,000 ஏக்கர் நிலமும் 10 லட்சம் டாலரும் தர முன்வந்தார். சிறைத் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை. 1910இல் நிலம் பொதுமக்களுக்கானது.

நிலம் கிடைத்தால் போதுமா? மக்கள் வந்து சேர வேண்டாமா? பாலிசேட்ஸ் பூங்கா ஆணையத்தின் தலைவர் ஜார்ஜ் பெர்கின்ஸும் அவரோடு இருந்தவர்களும் அதைத் தொடக்கத்திலேயே யோசித்தார்கள். அன்று நகரத்து உழைப்பாளிக் குடும்பங்களிடம் கார் இல்லை. அதனால் ஆற்றங்கரையில் கப்பல்துறை கட்டினார்கள். மன்ஹாட்டனில் காலையில் நீராவிக் கப்பலேறினால் மதியச் சாப்பாட்டுக்கு மலையடிவாரம்; மாலையில் அதே கப்பலில் வீடு. மேற்குக் கரை ரயிலும் பேர் மவுண்டனில் நின்று போனது. 1915இல் கல்லும் மரமுமாக எழுந்த விடுதி இன்றும் இருக்கிறது. 1924 நவம்பரில் திறந்த பேர் மவுண்டன் பாலம், அன்று உலகிலேயே மிக நீளமான தொங்குபாலம். இரு கோபுரங்களுக்கும் இடையே 1,632 அடி. ஆல்பனிக்குத் தெற்கே வண்டிகள் ஹட்சனைக் கடக்க அதுவே முதல் பாலம்.

கூட்டம் கப்பலில் வந்த காலத்துக்கு ஒரு பாட்டுச் சாட்சியும் உண்டு. 1961 ஜூனில், தந்தையர் தினத்தன்று, பேர் மவுண்டனுக்கு ஒரு கப்பல் பிக்னிக் ஏற்பாடாகியிருந்தது. யாரோ போலிச் சீட்டு அடித்து விற்றுவிட, கப்பல் கொள்ளாத கூட்டம் துறையில் நெருக்கியடித்தது. அந்தப் பத்திரிகைச் செய்தியைப் படித்த 20 வயதுப் பாடகர் ஒருவர் அதை வைத்துப் பாட்டுக் கட்டினார். அவர் பாப் டிலன். ‘டாக்கிங் பேர் மவுண்டன் பிக்னிக் மாசக்கர் ப்ளூஸ்’ அவருடைய தொடக்க காலப் பாடல்களில் ஒன்று.

பிறகு ஒவ்வொரு வழியாக அடைபட்டது. மேற்குக் கரைப் பயணி ரயில் 1959இல் நின்றது. இன்று அந்தத் தண்டவாளத்தில் சரக்கு ரயில்தான் ஓடுகிறது. பக்கச் சக்கரங்கள் சுழல இந்த ஆற்றில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய ‘அலெக்சாண்டர் ஹாமில்டன்’ கப்பல் 1971இல் ஓய்வு பெற்றது. கார் வைத்திருப்பவர்களுக்கு மலை நெருங்கி வந்தது; இல்லாதவர்களுக்குத் தள்ளிப் போனது.

கார் இருந்தாலும் நேரம் தவறக் கூடாது. கோடை வார இறுதியில் வண்டி நிறுத்துமிடம் நிரம்பிவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கள் குழுவில் முதல் கார் காலை எட்டரைக்கே போய் ஏரிப் பக்கம் ஜமுக்காளம் விரித்து இடம் பிடித்தது. பதினொரு மணிக்கு வந்தவர்கள் நெடுஞ்சாலையிலேயே நீண்ட வரிசையில் காத்திருந்தார்கள். பேருந்து அமர்த்திப் போகிற குழுக்கள் முன்கூட்டியே பூங்காவிடம் அனுமதி வாங்கிவிடுவது அவசியம். மழை எச்சரிக்கையையும் பார்க்க வேண்டும். 2023 ஜூலை 9ஆம் தேதி கொட்டிய பெருமழையில் பேர் மவுண்டன் வட்டாரச் சாலைகள் அரித்துப் போய்ப் பூங்காவையே மூட நேர்ந்தது.

கார் இல்லாதவர்களுக்கு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. மன்ஹாட்டனின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் ஹட்சன் தட ரயிலேறி பீக்ஸ்கில்லில் இறங்கினால், அங்கிருந்து டாக்சியில் போகலாம். நடக்கத் தெம்பிருந்தால் மனிட்டூ நிலையத்தில் இறங்கலாம். சில ரயில்கள் மட்டுமே அங்கே நிற்கும். சாலையோரமாக நடந்து பாலத்தைத் தொட ஏறத்தாழ ஒரு மணி நேரம். பாலத்தின் நடைபாதை அப்பலாச்சியன் நெடும்பாதையின் ஒரு பகுதி. ஜார்ஜியாவிலிருந்து மேய்ன் வரை போகும் அந்தப் பாதையின் முதல் துண்டு 1923இல் பேர் மவுண்டனில்தான் திறந்தது. அன்று எங்களோடு சாப்பிட்ட கல்லூரி மாணவர்கள் இருவர் அந்த வழியாகவே நடந்து வந்தவர்கள். கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் அப்படி வர முடியாது.

அதனால் பிக்னிக் ஏற்பாடு செய்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். சமையல் பட்டியல் போடுவதற்கு முன்னால் இருக்கைப் பட்டியல் போடுங்கள். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்து, காரோட்ட முடியாமல் வீட்டுக்குள்ளேயே கோடையைக் கழிக்கும் அம்மா அப்பாக்கள், புதிதாகப் படிக்க வந்த மாணவர்கள், இரவுப் பணி முடிந்து வருபவர்கள் எல்லாருக்கும் யார் காரில் இடம் என்று பெயரெழுதி முடித்துவிட்டு, அப்புறம் அரிசியை அளக்கலாம்.

அடுத்த இதழில்: பெர்கின்ஸ் கோபுரம்.