தேய்ந்த துளையின் அளவு

மொனராகலை மாவட்டத்திற்குப் புகையிரதம் இல்லை. 1924இல் பதுளையை வந்தடைந்த தண்டவாளம் அதற்கப்பால் நகரவேயில்லை. ஆகவே தோட்டத்துக் கொழுந்தும் இறப்பர்ப் பாலும் நோயாளியும் மாணவனும் நம்பியிருப்பது லொறியையும் பஸ்ஸையுமே. ஓர் உதிரிப்பாகமின்றி வண்டி நின்றுவிட்டால், அன்று பறித்த கொழுந்து சாக்கிலேயே வெந்து பழுதாகும். இறப்பர்ப் பாலோ சில மணித்தியாலங்களில் உறையத் தொடங்கும்.

என் தாய்மாமன் லேத் பட்டறை நடத்துபவர். இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970களில் தொழில் பழகியவர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய லொறிகள் மேலும் பழையனவாயின. மாமாவின் பட்டறையில் வேலை குவிந்தது.

பழைய முறை இதுதான். தண்ணீர்ப் பம்பியின் கூடு வெடித்துவிட்டதெனின், தச்சர் அதனை மரத்தில் செதுக்குவார். மணலில் அதன் பதிவை எடுத்து, உருக்கிய அலுமினியத்தை வார்ப்பர். உலோகம் ஆறும்போது சுருங்கும். நூறு மில்லிமீற்றருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிமீற்றர். எனவே மரமாதிரி அந்த அளவு பெரிதாயிருத்தல் வேண்டும். எங்கேனும் பொருந்தாவிடின் மீண்டும் மரத்திலிருந்தே தொடங்க வேண்டியதுதான். வாரங்கள் ஓடிவிடும்.

இந்தக் காலவிரயத்தைப் பெரும் நிறுவனங்கள் முன்னரே உணர்ந்திருந்தன. மோட்டார் வாகனத்தின் வளைவுகளைக் கணிதத்தால் எழுதும் வழியை 1959இல் சிற்றொயன் நிறுவனத்தில் த காஸ்தல்ஜோவும், 1960களில் ரெனோல்ட் நிறுவனத்தில் பெசியரும் கண்டனர். முன்னவரின் நிறுவனம் அதனை இரகசியமாகப் பொத்திவைத்தமையால் வளைவுக்குப் பின்னவரின் பெயரே நிலைத்தது. மறைத்து வைத்த அறிவுக்குக் கிடைத்த கூலி! 1984இல் அமெரிக்கரான சார்ள்ஸ் ஹல், திரவப் பிசினைப் புறவூதாக் கதிரால் படைபடையாக இறுகச் செய்து உருவம் சமைக்கும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1988இலேயே போர்ட் நிறுவனம் அத்தகைய இயந்திரமொன்றை வாங்கிவிட்டது. பெரும் பொருட்செலவில் அச்சு வெட்டுமுன் பாகத்தைக் கையில் ஏந்திப் பார்க்க முடிந்தது.

எனினும் இம்முறை போர்ட்டைக் காட்டிலும் எங்களுக்கே அதிகம் பொருந்துமென்பது என் எண்ணம். இலட்சம் பாகங்கள் செய்பவனுக்கு மாதிரியின் செலவு இலட்சத்தில் ஒரு பங்கு. ஒரேயொரு கூடு செய்யும் மாமாவுக்கோ மாதிரியின் செலவுதான் ஏறக்குறைய முழுச் செலவும்.

ஒரு விடுமுறையில் அத்தகைய கூடொன்றைக் கணனியில் வரைய முனைந்தோம். நான் அளவுமானியை எடுத்ததுமே மாமா கையைப் பிடித்தார். "மாப்பிள்ளை, இது தேஞ்ச துளை. இத அளந்தா தேய்மானத்தையும் சேர்த்துத்தான் அளப்ப." பின்னர் உள்ளேயிருந்த பெயாரிங்கைத் துடைத்து அதன் இலக்கத்தைக் காட்டினார்: 6304. அதன் வெளிவிட்டம் உலகெங்கும் 52 மில்லிமீற்றர். துளையின் உண்மையான அளவு அந்த இலக்கத்தில் இருந்தது. எத்துணை நுட்பமான வருடியும் தேய்மானத்தை உள்ளபடியே படியெடுக்குமேயன்றி, அது தேய்மானமென்று அறியாது.

வெடித்த இடத்தைச் சற்றுத் தடிப்பாக்கினோம். பிளாஸ்டிக் பிரதி ஓரிரவில் அச்சாயிற்று. எஞ்சினில் வைத்துப் பார்த்தபோது, தடித்த இடத்தருகே ஸ்பேனர் நுழையவில்லை. கணனியில் ஓரத்தைச் சரித்தோம். மறுநாட் காலை இரண்டாம் பிரதி பொருந்திற்று. அதன்பின் சுருக்கத்திற்காக உருவைப் பெருப்பித்து, லேத்தில் கடைவதற்காகத் துளையைச் சிறிதாக்கி, வார்ப்புக்குரிய மாதிரியை அச்சிட்டோம். பிளாஸ்டிக் கூட்டையே வண்டியில் பூட்டலாகாதா என்று சாரதி கேட்டார். நாங்கள் பயன்படுத்திய பீ.எல்.ஏ. பிளாஸ்டிக் ஏறக்குறைய 60 பாகை செல்சியசில் இளகும். எஞ்சினின் குளிர்நீரோ 90 பாகையை அண்மிக்கும். பிரேக், ஸ்டியரிங் பாகங்களை இவ்வாறு செய்து தரும்படி கேட்டவர்களை மாமா திருப்பி அனுப்பிவிட்டார். பசறை வீதியின் வளைவுகளை அறிந்தவர் வேறென்ன செய்வார்?

2005இல் தொடங்கப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் பதுளையில் அந்தப் பசறை வீதியிலேதான் இருக்கிறது. கணனியும் அச்சுப்பொறியும் அறிந்த மாணவர் அங்கு உளர். பழுதான லொறிகளும் அவ்வழியே இழுத்துச் செல்லப்படுகின்றன. இடையில் இல்லாதது அளவுகளே. அவை மாமாவின் எண்ணெய்க் கறை படிந்த கொப்பியில் உள்ளன. விடுமுறைதோறும் அவற்றைக் கணனியில் ஏற்றி வருகிறேன். இதுவரை 11 பாகங்கள் முடிந்துள்ளன. வண்டியின் பெயரையோ பாகத்தின் இலக்கத்தையோ அவர் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொன்றின் தலைப்பிலும் இருப்பது அந்த வண்டியை ஓட்டிய சாரதியின் பெயர். அவர்களுள் எவர் எந்த லொறியை ஓட்டினார் என்பதை மாமாவிடம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.