வாய்த் தூய்மையும் பிறர் உரிமையும்

சுப்ஹுத் தொழுகைக்குப் பின் ஹிஃப்ழு மாணவர்களிடம் சபக் கேட்பது என் அன்றாடப் பணி. சென்ற ஆண்டு, பத்து வயது மாணவன் ஒருவன் என் முன் அமர்ந்து ஓதும்போதெல்லாம் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொள்வான். "உஸ்தாதுக்கு முன் அமரும் அதபு இதுதானா?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்தான்; பதில் சொல்லவில்லை.

அன்று வீட்டில் இதைக் கூறியபோது என் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பிள்ளையைக் குறை சொல்லாதீங்க. காலையில உங்க வாயில வாடை வருது. மனசு நோகுமேன்னு நான்தான் சொல்லாம இருந்துட்டேன்."

நாணிப்போனேன். மிஸ்வாக்கின் சிறப்பை ஆண்டுதோறும் பாடம் நடத்துபவன் நான். நபி (ஸல்) அவர்கள் இரவில் எழுந்ததும் மிஸ்வாக்கால் வாயைத் துலக்குவார்கள் என்று ஹுதைஃபா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நானோ பாங்கொலி கேட்டு எழுந்து, ஒளூவில் மும்முறை வாய் கொப்பளிப்பதோடு நிறுத்திக்கொள்வேன். பல் துலக்குவது பாடம் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான்.

உறக்கத்தில் உமிழ்நீர் வெகுவாகக் குறைகிறது. அது கழுவாமல் விட்டவற்றை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது கந்தகச் சேர்மங்கள் உண்டாகின்றன. விழித்தெழுகையில் வரும் வாடைக்கு அவையே முக்கியக் காரணம். வாயால் மூச்சுவிட்டு உறங்குவோருக்கு வாய் மேலும் வறளும். வெறும் நீரால் கொப்பளித்தால் பல்லிலும் நாவிலும் படிந்தது அகலாது.

பல் மருத்துவர் என் ஈறோரங்களில் இறுகியிருந்த காரையை அகற்றினார். உறங்கும் முன்பும் பல் துலக்குமாறும், நாவின் பின்பகுதியை வழிக்குமாறும் கூறினார். நபி (ஸல்) அவர்களின் நாவின் மீது மிஸ்வாக் இருக்கக் கண்டதாக அபூமூஸா (ரலி) அறிவித்த ஹதீஸ் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பல முறை ஓதிக்கொடுத்தும் என் நாவை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பூண்டும் வெங்காயமும் ஹலாலான உணவுகளே. எனினும், பச்சையாக உண்டு அந்த வாடையோடு பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். மனிதருக்கு நோவினை தருவது வானவருக்கும் நோவினை தரும் என்பதே அதன் காரணம். ஆகவே, வாய்த் தூய்மை நம்மோடு முடிவதன்று. ஸஃப்பில் அருகே நிற்பவருக்கும் எதிரே அமர்ந்து ஓதும் குழந்தைக்கும் அதில் உரிமை உண்டு.

மறுநாளே அந்த மாணவனை அழைத்து, "தவறு என்னுடையது, தம்பி. என்னை மன்னித்துவிடு" என்றேன். அவன் மெல்லச் சிரித்தான். இப்போது என் முகம் பார்த்தே ஓதுகிறான்.

அல்லாஹ் நம் வாய்களையும், அவற்றிலிருந்து வெளிப்படும் சொற்களையும் தூய்மையாக்குவானாக! ஆமீன்.