செங்குத்தாக இறங்கும் மட்டை

கோல்ப் ஆட்டத்திலே பந்து அசையாது கிடக்கிறது. கிரிக்கெட் பந்தைப் போன்று அது ஆட்டக்காரனை நோக்கி விரைந்து வருவதில்லை. அவன் அடிப்பதை எதிராளி எவரும் தடுப்பதுமில்லை. ஆயினும் அடிகள் பிழைப்பது இவ்வாட்டத்தில் மிகச் சாதாரணம். 1879ஆம் ஆண்டிலேயே கொழும்பில் இதற்கெனக் கழகம் தோன்றியபோதிலும், நம் நாட்டவருட் பலருக்கு இது வீதியோரத்துப் புல்வெளிக் காட்சியாகவே இருந்து வருகிறது. எனினும் இவ்வாட்டத்தின் பிழைகளுள் ஒன்று, ஊறிப்போன பழக்கத்தைத் திருத்த முனையும் எவருக்கும் பயன்படும் பாடத்தைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

மட்டை அளவு கடந்து செங்குத்தாக இறங்குவதே அப்பிழை. இரும்பு மட்டையால் அடிக்கும்போது சற்றுக் கீழ்நோக்கிய வீச்சு வேண்டப்படுவதே. பந்தைத் தொட்ட பின்னரே மட்டை புல்லைத் தொடவேண்டும். அளவு மிஞ்சும்போதோ அது விறகு பிளக்கும் கோடரி போல வீழ்கிறது. மண் ஆழமாகப் பெயர்கிறது. சிறு முளைமீது வைத்து நெடுந்தூரம் அடிக்கவேண்டிய பந்து, வானோக்கி எழுந்து அண்மையிலேயே விழுகிறது. வலக்கை ஆட்டக்காரனாயின், பந்து பெரும்பாலும் வலப்புறம் வளைந்தோடுகிறது.

பிழை கீழே தென்படினும் அதன் வேர் மேலே உள்ளது. மட்டையை ஓங்கியவன், பலமாக அடிக்கும் வேட்கையினால் வலத்தோளையும் கைகளையும் முதலில் முன்தள்ளுகிறான். மட்டை வெளிப்புறமாகச் சென்று, பின்னர் உட்புறம் நோக்கிக் குறுக்கே வெட்டி இறங்குகிறது. அவ்வீச்சின் திசைக்கு மட்டையின் முகம் வலப்புறமாகத் திறந்திருப்பின் பந்து வலப்புறம் வளைகிறது. அதனைக் கண்டவன் யாது செய்கிறான்? இடப்புறம் குறிவைத்து, மேலும் இடப்புறமாக வீசுகிறான். வீச்சு இன்னும் குறுக்காகிறது, வளைவும் கூடுகிறது. தானே கண்ட மருந்தினால் அவன் தன் நோயை வளர்க்கிறான்.

இறங்கும் வீச்சு ஏறத்தாழக் கால் வினாடியில் முடிந்துவிடுகிறது. மட்டையும் பந்தும் தொட்டிருக்கும் நேரமோ வினாடியின் ஈராயிரத்தில் ஒரு பங்களவே. கண் கண்டு, மூளை ஆணையிட்டு, கை திருந்துவதற்கு அங்கே அவகாசமில்லை. ஆகவே திருத்தம் அதற்கு முன்னரே, பிடியிலும் நிற்கும் நிலையிலும் அசைவுகளின் ஒழுங்கிலும் அமைதல் வேண்டும்.

அமெரிக்க ஆட்டக்காரரான பென் ஹோகன் 1957இல் வெளியிட்ட நூலிலே, பந்திலிருந்து தோள்வரை சாய்ந்திருக்கும் கண்ணாடித் தகடொன்றைக் கற்பனை செய்யுமாறு கூறினார். ஓங்கும் கைகள் அத்தகட்டை உடைத்து மேலெழலாகாது; இறங்கும் வீச்சை இடுப்பே தொடங்கவேண்டும் என்பன அவர் கருத்துகள். ஆனால், ஹோகனை நெடுங்காலம் வருத்தியது பந்து இடப்புறம் வளையும் பிழையாகும். அதனைத் தடுக்க அவர் அமைத்துக்கொண்ட பிடியை, வலப்புற வளைவால் வருந்துபவன் அவ்வாறே பின்பற்றின் அவன் பிழை மிகும். ஆசான் பெரியவரேயாயினும், அவர் தரும் மருந்து எந்த நோய்க்குரியது என்பதை அறிதல் வேண்டும்.

ஜிம் பியூரிக் என்னும் மற்றோர் அமெரிக்கர் மட்டையை மிகச் செங்குத்தாகவே ஓங்குவார். இறங்கும்போதோ அது வளையமிட்டுத் தாழ்ந்து, சாய்வான பாதையை அடையும். காண்போர்க்கு விசித்திரமான அவ்வீச்சைக் கொண்டே அவர் 2003இல் அமெரிக்க ஓப்பின் பட்டத்தை வென்றார். 2016இல் ஒரு சுற்றை 58 அடிகளில் முடித்தார். எனவே திருத்தத்துக்குரியது வீச்சின் தோற்றமன்று. மட்டை பந்தை அடையும் பாதையே எனலாம்.

அதற்கான பயிற்சிகள் எளியன. வலப்புற வளைவு உடையவன் இரு கைகளையும் பிடியிலே சிறிது வலப்புறமாகத் திருப்பிப் பிடித்தால், மட்டையின் முகம் திறந்திருப்பது குறையும். பந்து பாதங்களைவிட உயர்ந்திருக்கும் சரிவில் நின்று அடித்தால், உடல் தானாகவே தட்டையான வீச்சைத் தேடும். பந்துக்கு அப்பால், சற்றுப் பின்னே வெற்றுப் பெட்டியொன்றை வைத்தால், வெளிப்புறமாக இறங்கும் மட்டை அதில் மோதி உண்மையை உணர்த்தும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாரம் முதலில் இடக்காலுக்கு மாற, கைகள் அதன் பின்னே தாழ்ந்து வரும் ஒழுங்கை மெதுவான அரை வீச்சுகளால் பழகுதல் வேண்டும்.

கடினமான பகுதி இதன் பின்னரே வருகிறது. பழகிய பிழை உடலுக்கு இயல்பாகத் தோன்றும். புதிய சரியோ பிழையெனத் தோன்றும். தொடக்கத்தில் பந்து முன்னையிலும் மோசமாகப் போகலாம். பழைய வீச்சிலே பந்து எங்கே போகும் என்பதாவது தெரிந்திருந்தது என்று மனம் வாதிடும். பயில்வோர் மனந்தளர்ந்து பழைய வழிக்குத் திரும்புவது இவ்விடத்திலேதான். திரும்பாதிருக்க விரும்புபவன், சில வாரங்களுக்கேனும் பந்து விழுமிடத்தைப் பொருட்படுத்தாது, பாரம் கைகளுக்கு முன் இடக்காலை அடைந்ததா என்பதொன்றையே ஒவ்வோர் அடியின் பின்னும் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.