முகூர்த்த நேரத்து நெட்

கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவில் உதவியாளாகச் சேர்ந்தபோது, கேமரா பிடிக்கத்தான் முதலில் சொல்லித்தருவார்கள் என்று நினைத்தேன். ஆனால் கொரோனா ஊரடங்குக்குப் பிறகு யூடியூப் லைவ் கேட்கும் வீடுகள் பெருகிவிட்டன. துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் சொந்தங்கள் தாலி கட்டுவதை அங்கிருந்தே பார்க்க வேண்டும். ஆகவே எனக்குக் கிடைத்த முதல் பாடம், நெட்டின் குணம் அறிவது.

மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஸ்டூடியோ அண்ணன் ஸ்பீடு டெஸ்ட் போடச் சொல்வார். டவுன்லோடு 40 காட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். "நாம அனுப்புற ஆளுடா, அப்லோடைப் பாரு" என்பார். மணமேடை, பந்திக்கூடம், ஜன்னலோரம் என்று இடத்தையும் சிம்மையும் மாற்றி மாற்றிப் பார்ப்போம். எந்த சிம் கடைசிவரை ஆடாமல் நிற்கிறதோ அதைத்தான் எடுப்பார். அதிலும் மிகக் குறைவாகக் காட்டிய எண்ணில் பாதிதான் பிட்ரேட், அதாவது நொடிக்கு நாங்கள் அனுப்பும் டேட்டா. 4 எம்பிபிஎஸ் என்றால் ஓபிஎஸ் மென்பொருளில் 2000 கேபிபிஎஸ் வைத்து, 720பி-யில் அனுப்புவோம்.

இந்தச் சிக்கனத்தின் காரணம் கெட்டிமேளம் கொட்டும்போது தெரியும். மண்டபத்தில் உள்ள போன்கள் அத்தனையும் மேலே எழும். ஸ்டேட்டஸ், வீடியோ கால் எல்லாம் ஒரே டவரில் ஏறும். அதுவரை நன்றாக இருந்த நெட் அந்த நேரம் பார்த்துப் படுத்துவிடும்.

நாங்கள் அனுப்பும் ஆர்டிஎம்பி முறை டிசிபி மேல் ஓடுவது. ஒரு பாக்கெட் வழியில் தொலைந்தால், அது மறுபடி வந்து சேரும்வரை பின்னால் வந்தவை காத்துக் கிடக்கும். ஒற்றையடிப் பாதையில் மாட்டு வண்டி நின்ற கதைதான். தேக்கம் எல்லை மீறினால் ஓபிஎஸ் ஃபிரேம்களை விட்டுவிடும். பார்ப்பவருக்குப் படம் துள்ளும். அட்வான்ஸ்டு பகுதியில் ஒரு டிக் போட்டு வைத்தால், நெரிசலுக்கேற்ப பிட்ரேட்டை அதுவே இறக்கிக்கொள்ளும். படம் மங்கும், ஆனால் ஓடும்.

பார்ப்பவர் பக்கத்தை யூடியூப் கவனித்துக்கொள்கிறது. வரும் படத்தைப் பல தரங்களில் மாற்றி, சில நொடித் துண்டுகளாக வெட்டி வைக்கும். அவரவர் போன் தன் நெட்டுக்குத் தாங்கும் தரத்தில் அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளும். அந்த வெட்டு ஒழுங்காக விழ, கீஃபிரேம் (முழுப் படமாகவே போகும் ஃபிரேம்) இடைவெளியை 2 நொடியாக நாங்கள் வைத்துக் கொடுக்க வேண்டும். லேட்டன்சியும் 'நார்மல்'தான். சில நொடி தாமதமாக வந்தாலும், பஃபருக்கு இடம் இருந்தால் தடங்கல் குறையும்.

அண்ணன் கைவைக்காதது ஒன்று உண்டு: ஆடியோவுக்கு ஒதுக்கிய 128 கேபிபிஎஸ். படம் மங்கினால் சொந்தங்கள் பொறுத்துக்கொள்வார்கள். நாதஸ்வரம் அறுந்தால் உடனே போன் வந்துவிடும்.

லைவ் வேண்டும் என்பவர்கள் மண்டபம் பேசும்போதே, அங்கே ஃபைபர் இணைப்பு இருக்கிறதா, அதை லைவுக்கு மட்டும் விட்டுத்தருவார்களா என்று கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் எங்களிடம் 4கே கேட்காதீர்கள்.