பொத்தோசி: மலையும் ஆணையும்

செவ்வாய்

பொலிவியாவின் இந்த ஊர் கடல்மட்டத்துக்குமேல் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செர்ரோ ரிக்கோ மலை அதன் தலைமேல் நிற்பதால் எல்லாப் பெருமையும் பழியும் மலைக்கே போய்விடுகின்றன. 1545-இல் வெள்ளி கிடைத்தது, ஊர் பிறந்தது, ஸ்பெயின் கொழித்தது என்பது பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை. அதில் பாதிதான் உண்மை. தொடக்கத்தில் மேற்பரப்பில் கிடைத்த வளமான தாதுவைப் பூர்வகுடிகள் மலைச்சரிவில் சிறுசிறு காற்று உலைகளில் உருக்கினார்கள். 1560-களில் அது தீர்ந்துவர, உற்பத்தி படுத்துவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தியது 1570-களில் அரசப்பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ செய்த ஏற்பாடு. தாதுவைப் பொடித்துப் பாதரசம் சேர்த்து வெள்ளியைப் பிரித்தார்கள். அந்தச் சேற்றை வெறுங்காலால் மிதித்துக் கலந்தவர்கள் பூர்வகுடிகள். பாதரசம் பெருவின் ஊவாங்காவெலிக்காவிலிருந்து வந்தது. ஆலைச் சக்கரங்களைச் சுழற்றக் காரி காரி மலைகளில் ஏரிகள் கட்டினார்கள். ஆள் பிடிக்க ‘மித்தா’: 16 மாகாணங்களில் ஏழு ஆண்களுக்கு ஒருவர், ஆண்டுக்குச் சுமார் 13,500 பேர், கட்டாய வேலை. கூலி உண்டு, வயிற்றுக்குப் போதாது.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும், வெள்ளி இல்லாத மலையில் ஆணை போட்டு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் சட்டியில் இருந்தது தரம் குறைந்த பிறகு அகப்பையில் கூடுதலாக வந்ததே, அதை மலையை வைத்து எப்படி விளக்குவது? ஏரிகளை ஊருக்கு வெளியே ஏதோ இயற்கைக் காட்சி என்று ஒதுக்குவது அதனால்தான் பிழை. 1626-இல் சான் இல்டெபோன்சோ அணை உடைந்தபோது வெள்ளம் ஆலைகளை வாரிக்கொண்டு போயிற்று. ஊரின் உயிர் எங்கே இருந்தது என்பது அன்று தெரிந்தது.

புதன்

1773-இல் கட்டிமுடித்த நாணயசாலையில் கண்ணை நிறுத்துவது வெள்ளி அல்ல, மரம். தகடு உருட்டும் இயந்திரங்களின் ஆளுயரத்தை மிஞ்சும் பல்சக்கரங்கள் மேல்தளத்தில். அவற்றைச் சுற்றிய கோவேறு கழுதைகள் கீழ்த்தளத்தில். சோழமண்டலக் கரையில் துணி வாங்க ஐரோப்பியக் கம்பெனிகள் இறக்கிய வெள்ளியில் பெரும்பங்கு அமெரிக்கச் சுரங்கங்களிலிருந்து போனது. அந்தத் துணிக்கணக்கில் இந்தக் கழுதைகளுக்கும் ஒரு வரி எழுதலாம்.

பயணிகள் பெரும்பாலும் சுரங்கத்துக்குள் போகவே விரும்புகிறார்கள். தொழிலாளர்களுக்குக் கோக்கா இலையும் டைனமைட்டும் வாங்கிக்கொண்டு போய், பாதாளத்துக்கு அதிபதியான ‘தீயோ’ சிலையைப் பார்த்துத் திரும்புகிறார்கள். பிறர் துயரத்தை வேடிக்கை பார்ப்பது என்று சிலர் கடிகிறார்கள்; உள்ளூர்க்காரர்களுக்கு அது வருமானம் என்பது மறுதரப்பு. இரண்டாவதை நான் மறுக்கவில்லை. என் குறை வேறு: அந்தப் புழுதியில் நின்றால் எல்லாம் மலையின் கொடுமையாகவே தோன்றும். ஆனால் வெள்ளிக்குப் பின் இங்கே தோண்டிய வெள்ளீயத்தின் உலக விலை 1985-இல் வீழ்ந்ததை ஒட்டி அரசு தன் சுரங்கங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை வெளியேற்றியது; கூட்டுறவுச் சங்கங்களின் பெயரில் பலர் அதே குகைகளில் சொந்தப் பொறுப்பில் தோண்டத் தொடங்கினார்கள். உச்சி உள்வாங்கத் தொடங்க, 2014-இல் யுனெஸ்கோ இந்த ஊரை ஆபத்திலுள்ள பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. உச்சிக்கு முட்டுக்கொடுப்பது பற்றி நிறையப் பேசுகிறார்கள். உள்ளே தோண்டுகிறவர்களுக்கு வேறு என்ன வேலை என்ற கேள்விதான் முதலில் வந்திருக்க வேண்டும்.