எழுதக் கற்கும் ஊர்

மருத்துவம் பயிலக் கல்லூரி உண்டு. சிற்பம் செதுக்கவும் இசை பயிலவும் கல்லூரிகள் உண்டு. இவற்றைக் கேட்டு எவரும் வியப்பதில்லை. கதையும் கவிதையும் எழுதுவதையே முதன்மைப் பாடமாக எடுத்து ஒருவர் பட்டம் பெறுகிறார் என்றால் மட்டும், ‘அதையெல்லாம் சொல்லித்தர முடியுமா?’ என்ற வினா உடனே எழுந்துவிடுகிறது. கேட்பவர் பெற்றோராயின், ‘அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவது?’ என்ற இரண்டாம் வினாவும் தொடரும். இவ்விரண்டு வினாக்களும் ஏறத்தாழ நூறாண்டுகளாக அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியிலுள்ள ஒரு சிறுநகரத்தைச் சுற்றி வருகின்றன. அந்நகரின் பெயர் அயோவா சிட்டி.

மக்காச்சோளக் கொல்லைகளும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த மாநிலம் அயோவா. பெரும் பதிப்பகங்கள் குவிந்திருந்த நியூயார்க் நகரமோ வெகு தொலைவில் இருந்தது. இலக்கியத்திற்குப் பேர்போன இடமாக அது ஆகும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. 1922ஆம் ஆண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்தின் மேற்பட்டப்படிப்புப் புலத்தலைவர் கார்ல் சீஷோர் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். உயர்பட்டத்திற்கு ஆய்வேடுதான் அளிக்க வேண்டும் என்பதில்லை. கவிதைத் தொகுப்பையோ புதினத்தையோ இசைக்கோவையையோ ஓவியத்தையோ அளித்தாலும் பல்கலைக்கழகம் அதனை ஏற்கும் என்பதே அதன் சாரம். சீஷோர் இலக்கியவாதி அல்லர், உளவியல் அறிஞர். மனிதர்க்குள்ள இசைத்திறனை அளந்தறியும் சோதனைகளை வகுத்தவர். திறமையை அளக்க முயன்ற ஒருவரே, அளவுகோலுக்கு எளிதில் அடங்காத படைப்புக்குப் பட்டம் வழங்க வழி திறந்தார் என்பது சுவையான முரண்.

அவ்வழியில் சென்ற தொடக்ககால மாணவர்களுள் ஒருவர் பால் எங்கிள். முதுகலைப் பட்டத்திற்காக அவர் அளித்த கவிதைகள் 1932இல் நூலாகவும் வெளிவந்தன. 1936இல் எழுத்தாளர் பட்டறை முறையாக உருப்பெற்றது. வில்பர் ஷ்ராம் அதன் முதல் இயக்குநரானார். 1941இல் பொறுப்பேற்ற எங்கிள், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதனை வளர்த்தார். மாநிலத்தின் தொழிலதிபர்களை நாடி, கவிஞர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் உதவித்தொகை திரட்டினார். எழுதத் தெரிந்தவர் பலர் கிடைப்பர். எழுதுகிறவர் உண்ண வேண்டுமே என்று கவலைப்பட்டு வாயில் வாயிலாக ஏறி இறங்குபவர் அரியர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், அரசின் கல்வி உதவியோடு முன்னாள் போர்வீரர்கள் திரண்டு வந்தனர். ஆற்றங்கரையில் நின்ற போர்க்காலத்துத் தகரக் கொட்டகைகளே வகுப்பறைகளாயின. வளைந்த கூரையின் கீழ், குளிரில், மனிதர்கள் ஒருவர் கதையை மற்றவர் பிரித்துப் பார்த்தனர்.

‘பட்டறை’ என்ற சொல் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. ஹார்வர்டில் ஜார்ஜ் பியர்ஸ் பேக்கர் நாடகம் எழுதக் கற்பித்த வகுப்புக்கும் அப்பெயர் உண்டு. யூஜின் ஓ'நீல் அங்குப் பயின்றவர். எனினும், பிற பல்கலைக்கழகங்கள் பின்பற்றிய முறையாக அது வேரூன்றியது அயோவாவின் வழியாகவே.

அம்முறை எளியது. ஒருவர் எழுதிய கதை படியெடுக்கப்பட்டு முன்னதாகவே அனைவருக்கும் வழங்கப்படும். பத்துப் பன்னிருவர் மேசையைச் சுற்றி அமர்வர். எழுதியவரும் உடனிருப்பார்; ஆனால், தம் கதை பேசப்படும்வரை அவர் வாய் திறவாமல் இருப்பது மரபு. இந்த அமைதியில்தான் பாடம் இருக்கிறது. நூல் வாசகர் கைக்குச் சென்றபின், ‘நான் சொல்ல வந்தது அதுவன்று’ என்று விளக்கம் தர ஆசிரியர் அங்கே நிற்கப் போவதில்லை. தாளில் உள்ளது மட்டுமே பேசும். அதனை எழுதியவர் நேரில் கண்டு உணரும் இடம் அந்த மேசை.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். முதியவர் ஒருவர், இறந்துபோன மனைவியின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே வைக்கிறார் என்று ஒரு மாணவர் எழுதுகிறார். அடுத்த வரியில், ‘அவர் ஆழ்ந்த துயரத்தில் இருந்தார்’ என்றும் எழுதுகிறார். மேசையைச் சுற்றியுள்ளோருள் ஒருவர் இரண்டாம் வரி எதற்கு என்று கேட்பார். மற்றொருவர், அது இல்லாவிட்டால் புரியாது என்பார். மூன்றாமவர், துடைத்த துணி எது, மனைவியின் புடவைத் தலைப்பா, தம் சட்டை நுனியா என்று வினவுவார். எழுதியவர் அதனை எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்றிரவு அவர் அறைக்குத் திரும்பி எண்ணிப் பார்ப்பார். அந்த ஓரிரவு எண்ணத்தை ஏற்படுத்துவதற்கு மேல் எந்த ஆசிரியராலும் செய்யக்கூடியது மிகுதியாக இல்லை. எழுத்தைக் கற்பிக்க இயலாது என்னும் பொதுக்கருத்தை அயோவாப் பட்டறையே ஓரளவு ஒப்புக்கொள்கிறது. உள்ள திறனை வளர்க்க இயலும் என்ற நம்பிக்கையின்மேல்தான் தான் நடப்பதாகவும் அது கூறிக்கொள்கிறது.

கற்பிக்க வந்தவர்களும் கரைகண்டவர்களாய் இருந்ததில்லை. 1965இல் கர்ட் வானகட் அங்கு ஆசிரியராகச் சேர்ந்தபோது, டிரெஸ்டன் நகரம் குண்டுவீச்சில் அழிந்ததைப் போர்க்கைதியாக அங்கிருந்து கண்ட தம் அனுபவத்தை நூலாக்க இயலாமல் தவித்துக்கொண்டிருந்தார். போர் முடிந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. மாணவர்களின் கதைகளைத் திருத்திக்கொண்டே, தம் கதையைச் சொல்லும் வழியையும் அவர் தேடினார். அந்நூல் வெளிவந்தது 1969இல்.

இம்முறைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றையும் தள்ளிவிட முடியாது. பன்னிருவர் மனத்திற்கும் ஒத்துவரும் கதை, ஒருவர் மனத்தையும் உலுக்காத கதையாக மெலிந்துவிடக்கூடும். மேடுபள்ளங்கள் இழைக்கப்பட்டு, எல்லோர் எழுத்தும் ஒரே தச்சர் செய்த நாற்காலிகளைப் போலாகிவிடும் என்று அஞ்சுவோர் உண்டு. தன் ஊரின் பேச்சையும் தன் மக்களின் வழக்கத்தையும் எழுதும் மாணவர், அவற்றை அறியாதவர் நடுவே தனித்து நிற்க நேரிடும். ‘இது புரியவில்லை’ என்ற ஒரு சொல், நல்லதொரு பக்கத்தை அழித்துவிடக்கூடும். பட்டம் பெற்றோர் அனைவரும் எழுத்தாளராகிவிடுவதும் இல்லை. ஆசிரியப்பணி, இதழியல், பதிப்பு, விளம்பரம் எனப் பலதிசைகளில் பிரிகின்றனர். பெற்றோரின் இரண்டாம் வினாவுக்கு நேர்மையான விடை இவ்வளவே.

பட்டமும் வகுப்பும் இல்லாத வேறொரு கதவையும் அவ்வூர் திறந்தது. எங்கிளும், சீனத்தில் பிறந்த எழுத்தாளர் ஹுவாலிங் நியேயும் 1967இல் பன்னாட்டு எழுத்தாளர் திட்டத்தைத் தொடங்கினர். அதன் அழைப்பின்பேரில் 1973இல் சென்னையிலிருந்து சென்றவர் அசோகமித்திரன். அவர் எழுதக் கற்கப் போகவில்லை. அதற்குள் தேர்ந்த எழுத்தாளராகியிருந்தார். ஆனால், பல நாட்டு எழுத்தாளர்களோடு அங்கு வாழ்ந்த நாள்கள் ‘ஒற்றன்!’ என்னும் புதினமாயின. அயோவாவைத் தமிழ் வாசகர் பலர் அறிந்தது அதன் பக்கங்களில்தான்.

பட்டறையில் பயின்றவர்களுள் ஃபிளானரி ஓ'கானரைத் தனித்துச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா மாநிலத்திலிருந்து 1945இல் இதழியல் பயில வந்தவர். அப்போது அகவை இருபது. எங்கிளின் அறைக்குச் சென்று அவர் ஏதோ கூறினார். தென்னாட்டு ஒலிப்பு எங்கிளுக்கு விளங்கவில்லை. தாளில் எழுதித் தரும்படி கேட்டார். தாம் இதழாளர் அல்லர் என்றும், பட்டறையில் சேர விரும்புவதாகவும் அப்பெண் எழுதிக் காட்டினார். வாய்மொழி தோற்ற இடத்தில் எழுத்து அவருக்கு இடம் பெற்றுத் தந்தது. வகுப்பில் அவர் அதிகம் பேசியவர் அல்லர். 1947இல் ஆறு சிறுகதைகளைப் பட்டத்திற்காக அளித்தார். அங்குத் தொடங்கிய முதற் புதினத்தைத் தம் போக்கில் மாற்றச் சொன்ன பதிப்பாளருக்கு அவர் இணங்கவில்லை. நூல் வேறொரு பதிப்பகத்தின் வழியே 1952இல் வெளிவந்தது. பிறர் கருத்துக்குச் செவிகொடுக்கப் பட்டறை கற்பிக்கிறது. எப்போது செவிசாய்க்கலாகாது என்பதை அவரவரே அறிய வேண்டியிருக்கிறது.

அவ்வாறு கதைகளுள் ஒன்றின் பெயர் ‘தி ஜெரேனியம்’. தென்னாட்டு முதியவர் ஒருவர் நியூயார்க்கில் மகளின் அடுக்ககத்தில் ஒடுங்கிக் கிடக்கிறார். எதிர்ச் சன்னலில் யாரோ வைக்கும் பூந்தொட்டியைப் பார்த்தவாறு தம் ஊரை எண்ணி ஏங்குகிறார். ஒருநாள் அத்தொட்டி கீழே விழுந்து உடைகிறது. அழகிய கதை, ஆயினும் அந்த முதியவர் பார்ப்பதும் அழுவதுமாகவே இருந்துவிடுகிறார். பிற்காலத்தில் ஓ'கானர் கொடிய நோய்க்கு ஆளாகித் தாயுடன் பண்ணைவீட்டில் வாழ்ந்தார். நூல்கள் வந்தன, புகழும் வந்தது. 1964இல், முப்பத்தொன்பதாம் அகவையில் இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், மாணவப் பருவத்து அந்தக் கதையை எடுத்து முதலிலிருந்து திரும்ப எழுதினார். இம்முறை முதியவர் சன்னலருகே அமர்ந்தவாறே இருந்துவிடவில்லை. இறந்தால் தம்மை எங்கே அனுப்ப வேண்டும் என்று தாளில் எழுதிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, நோயுற்ற உடலோடு ஊருக்குப் புறப்பட்டு விடுகிறார்; படிக்கட்டுக்கு அப்பால் அவரால் செல்ல முடியவில்லை. பூந்தொட்டி கதையிலிருந்து நீங்கிவிட்டது. ‘ஜட்ஜ்மென்ட் டே’ என்று பெயர் மாறிய அக்கதை, அவர் மறைந்த மறு ஆண்டு வந்த தொகுப்பில் கடைசிக் கதையாக இடம்பெற்றது.